அக்குபங்சரின் 'முக்கியப் புள்ளி' எது? நெட்வொர்க் கணக்கு சொல்வதும் சொல்லாததும்

ரீல்ஸிலோ வாட்ஸ்அப்பிலோ இப்படி ஒரு பதிவு உங்கள் கண்ணில் பட்டிருக்கலாம். "ஆயிரக்கணக்கான சிகிச்சைக் குறிப்புகளை கம்ப்யூட்டர் அலசியது. இந்த நோய்க்கு முக்கியமான அக்குபங்சர் புள்ளிகள் இவைதான்!" கூடவே ஒரு மனித உடல் படம். அதன் மேல் சிலந்தி வலை மாதிரி கோடுகள். நடுவில் சில பெரிய வட்டங்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம். இந்த வகை ஆய்வுகள் கட்டுக்கதை இல்லை. சீனாவிலும் தென் கொரியாவிலும் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நிஜமாகவே செய்கிறார்கள், ஆய்விதழ்களில் வெளியிடுகிறார்கள். கணக்கு தப்பு என்றும் சொல்ல முடியாது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: அந்தப் பெரிய வட்டம் எந்தக் கேள்விக்கான பதில்?

நாள் முழுக்க லேப்டாப் முன்னால் உட்கார்ந்து கழுத்து வலி, முதுகு வலி என்று அலைபவர்களுக்கு இது வெறும் கணக்குப் பாடம் இல்லை. 'ஊசி குத்திப் பார்க்கலாமா' என்று யோசிக்கும்போது, நம் பணமும் நேரமும் சில சமயம் உடம்பும் அந்தப் பதிலை நம்பித்தான் போகின்றன. அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்துவிடலாம்.

அக்குபங்சருக்கும் நெட்வொர்க்குக்கும் என்ன சம்பந்தம்?

சீனப் பாரம்பரிய மருத்துவத்தின்படி, உடலில் 'சி' என்ற உயிராற்றல் சில பாதைகளில் ஓடுகிறது. அந்தப் பாதைகளில் உள்ள குறிப்பிட்ட புள்ளிகளில் ஊசி குத்தினால் நோய் சரியாகும் என்பது நம்பிக்கை. அப்படிப்பட்ட பாதைகளை உடற்கூறியலில் இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் புள்ளிகளுக்குத் தெளிவான பட்டியல் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட தரப்படுத்தப்பட்ட பட்டியலில் 361 புள்ளிகள் உள்ளன.

ஒரு சிகிச்சையில் பொதுவாகப் பல புள்ளிகளைச் சேர்த்துப் பயன்படுத்துவார்கள். இங்கேதான் எண்ணிக்கை எகிறுகிறது. 361 புள்ளிகளில் இரண்டிரண்டாகச் சேர்த்தால் 64,980 ஜோடிகள். மூன்று மூன்றாகச் சேர்த்தால் 77,75,940 கூட்டணிகள். ஒவ்வொன்றையும் நோயாளிகளிடம் சோதித்துப் பார்ப்பது நடக்கிற காரியமே இல்லை.

அதனால் ஆய்வாளர்கள் வேறு வழியில் போகிறார்கள். பழைய மருத்துவ நூல்கள், மருத்துவமனைக் குறிப்புகள், வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகள் என எல்லாவற்றிலிருந்தும் 'எந்த நோய்க்கு எந்தப் புள்ளிகள்' என்று எடுத்து ஒரு டேட்டாபேஸ் ஆக்குகிறார்கள். பிறகு அதை வலைப்பின்னலாக வரைகிறார்கள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு வட்டம். ஒரே சிகிச்சையில் சேர்ந்து வரும் இரண்டு புள்ளிகளுக்கு இடையே ஒரு கோடு. அந்த வலையில் எது நடுநாயகம் என்று கணக்கு போட்டால், அதுதான் 'முக்கியப் புள்ளி'.

நெட்வொர்க் சயின்ஸ் என்பது என்ன?

ஆட்களோ பொருள்களோ எப்படி இருக்கின்றன என்பதை விட, யார் யாரோடு இணைந்திருக்கிறார்கள் என்பதைப் படிக்கும் துறை இது. இதன் வேர் 1736-ல் இருக்கிறது. கோனிக்ஸ்பர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒவ்வொரு முறை மட்டுமே கடந்து ஊரைச் சுற்ற முடியுமா என்ற புதிருக்கு, 'முடியாது' என்று கணிதமேதை ஆய்லர் நிரூபித்தார். 1998-ல் கூகுள் நிறுவனர்கள் வெளியிட்ட பேஜ்ரேங்க் முறையும் இதே குடும்பம்தான். ஒரு இணையப் பக்கத்தை எத்தனை முக்கியமான பக்கங்கள் சுட்டிக்காட்டுகின்றன என்பதை வைத்து அதன் மதிப்பைக் கணக்கிட்டது அது.

மருத்துவத்திலும் இதற்கு நல்ல பெயர் உண்டு. 2007-ல் பராபாசி குழுவினர், ஒரே மரபணுவோடு தொடர்புடைய நோய்களைக் கோடு போட்டு இணைத்து 'மனித நோய் வலைப்பின்னல்' ஒன்றை வெளியிட்டார்கள். வேறு வேறு துறை மருத்துவர்களிடம் போகும் நோய்களுக்கு அடியில் பொதுவான வேர் இருக்கலாம் என்பதை அந்தப் படம் காட்டியது. ஆக, கருவி நல்ல கருவிதான்.

ஒரு பேப்பரும் பேனாவும் போதும்

'முக்கியம்' என்ற சொல்லுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று பார்க்க, நாமே ஒரு குட்டி வலைப்பின்னல் வரையலாம். கீழே உள்ள ஐந்து சிகிச்சைக் குறிப்புகளும் விளக்கத்துக்காக நான் உருவாக்கியவை. யாரும் முயன்று பார்க்க வேண்டாம்.

• தலைவலி: கட்டைவிரல், பிடரி
• குமட்டல்: முன்கை, முழங்கால்
• தூக்கமின்மை: மணிக்கட்டு, கணுக்கால், முன்கை
• வயிற்று வலி: முழங்கால், முன்கை
• மாதவிடாய் வலி: கணுக்கால், முழங்கால், கட்டைவிரல்

பெயர்கள் புள்ளி இருக்கும் இடத்தை வைத்து நான் சுருக்கியவை. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் இருப்பது ஹெகு. முழங்காலுக்குச் சற்றுக் கீழே இருப்பது சூசான்லி. மணிக்கட்டுக்கு மேலே, முன்கையின் உட்பக்கம் இருப்பது நெய்குவான். உள் கணுக்காலுக்கு மேலே இருப்பது சான்யின்ஜியாவ். இந்தத் துறையில் அடிக்கடி அடிபடும் நட்சத்திரங்கள் இந்த நான்கும்.

இப்போது மூன்று கேள்விகள்.

எந்தப் புள்ளி அதிக முறை பயன்படுகிறது? முழங்காலும் முன்கையும், தலா மூன்று முறை. கணுக்காலும் கட்டைவிரலும் இரண்டு முறைதான்.

எந்தப் புள்ளிக்கு அதிக 'நண்பர்கள்'? லிங்க்ட்இன் கனெக்‌ஷன் மாதிரி எண்ணுங்கள். கணுக்கால் நான்கு பேரோடு சேர்ந்து வந்திருக்கிறது. முழங்கால், முன்கை, கட்டைவிரல் மூவருக்கும் தலா மூன்று நண்பர்கள். ஆக, இரண்டே முறை பயன்பட்ட கணுக்கால் இந்தப் போட்டியில் முதலிடம்.

எந்தப் புள்ளி பாலமாக இருக்கிறது? ஆபீசில் சிலர் இருப்பார்கள். அவர் லீவு போட்டால் இரண்டு டீம்களுக்கு இடையே பேச்சே நின்றுவிடும். நம் படத்தில் அது கட்டைவிரல். பிடரியிலிருந்து வேறு எந்தப் புள்ளிக்குப் போக வேண்டுமானாலும் கட்டைவிரல் வழியாகத்தான் போக வேண்டும். மற்ற ஜோடிகளுக்கு இடையிலான மிகக் குறுகிய பாதைகளில் எது அதிகம் குறுக்கே வருகிறது என்று எண்ணினாலும் அதுவே முதலிடம்.

ஒரே டேட்டா. மூன்று கேள்விகள். மூன்று வெவ்வேறு வெற்றியாளர்கள். எதை 'முக்கியம்' என்று அழைப்பது என்பதை முடிவு செய்தது உடம்பு இல்லை, அளவுகோலைத் தேர்ந்தெடுத்த நாம்தான். நிஜ ஆய்வுகளில் ஐந்துக்குப் பதில் நூற்றுக்கணக்கான குறிப்புகள் இருக்கும். அளவுகோல்களும் இன்னும் நுணுக்கமாக இருக்கும். ஆனாலும் இந்தத் தேர்வு அங்கேயும் உண்டு.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? நம் பட்டியலில் 'நோயாளிக்குக் குணமானதா' என்ற பத்தியே இல்லை. யார் எதைப் பயன்படுத்தினார்கள் என்பது மட்டும்தான் இருக்கிறது. அந்தத் தகவல் இல்லாமலே நமக்கு மூன்று 'முக்கியப் புள்ளிகள்' கிடைத்துவிட்டன.

டேட்டா எங்கிருந்து வருகிறது?

டேட்டா ஜர்னலிஸ்ட்டுக்கு முதல் கேள்வி எப்போதும் இதுதான். இங்கே மூன்று மூலங்கள்.

முதலாவது, பழைய நூல்கள். கொரியாவில் 1613-ல் வெளியான 'தொங்கி போகாம்' இதற்கு நல்ல உதாரணம். அரசவை மருத்துவர் ஹோ ஜுன் தொகுத்தது. 2009-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பிடித்தது. அந்த நூலை அலசிக் கிடைக்கும் வலைப்பின்னல், அந்தக் கால மருத்துவர்கள் எப்படி யோசித்தார்கள் என்பதன் அருமையான வரைபடம். வரலாற்றுக்குப் பொக்கிஷம். உங்கள் முதுகு வலிக்கு அது சாட்சி ஆகாது.

இரண்டாவது, மருத்துவமனைக் குறிப்புகள். இதில் தெரிவது மருத்துவர்களின் பழக்கம். பாடப்புத்தகத்தில் என்ன படித்தார்களோ, குரு என்ன சொல்லிக் கொடுத்தாரோ அதுதான் திரும்பத் திரும்ப வரும்.

மூன்றாவது, வெளியான மருத்துவ ஆய்வுகள். இது கொஞ்சம் மேல் என்று தோன்றும். ஆனால் 1998-ல் விக்கர்ஸ் குழுவினர் ஒரு சுவாரஸ்யமான கணக்கு போட்டார்கள். உலகம் முழுவதும் வெளியான அக்குபங்சர் ஆய்வுகளை நாடு வாரியாகப் பிரித்தார்கள். சீனா, ஜப்பான், ஹாங்காங், தைவான் ஆகிய இடங்களிலிருந்து அவர்கள் சேகரித்த ஆய்வுகள் அத்தனையும் 'பலன் உண்டு' என்றே சொல்லியிருந்தன. ஒன்றுகூடத் தோற்கவில்லை! எந்தச் சிகிச்சைக்கும் இது இயல்பான ஸ்கோர்கார்டு இல்லை. தோற்ற ஆய்வுகள் வெளியே வராமல் போயிருக்கலாம், அல்லது ஆய்வு நடத்திய விதத்தில் கோளாறு இருந்திருக்கலாம். அப்படிப்பட்ட கட்டுரைகளைக் கொண்டு வலை பின்னினால், அந்தச் சாய்வும் வலைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதோடு இன்னொரு விளைவும் சேர்கிறது. 1999-ல் பராபாசியும் ஆல்பர்ட்டும் காட்டியது இது: வளரும் வலைப்பின்னல்களில், ஏற்கெனவே அதிக இணைப்புள்ளவருக்கே புதிய இணைப்பும் போகும். உள்ளவனுக்கே மேலும் சேரும் என்ற கதை. முழங்கால் புள்ளி பிரபலம், அதனால் மாணவர்கள் அதை முதலில் கற்கிறார்கள், அதனால் ஆய்வுகளிலும் அது வருகிறது, அதனால் அடுத்த வலைப்பின்னலில் அதன் வட்டம் இன்னும் பெரிதாகிறது. ஸ்விக்கியில் 'அதிகம் ஆர்டர் செய்யப்பட்டது' என்ற அடையாளம் அந்த பிரியாணிதான் ஊரிலேயே ருசியானது என்று நிரூபிப்பதில்லையே, அதே மாதிரி.

சரி, ஊசி குத்தும் இடம் உண்மையில் முக்கியமா?

இதுதான் அடிப்படைக் கேள்வி. இதை வலைப்பின்னல் இல்லாமலே நேரடியாகச் சோதித்திருக்கிறார்கள். சிலருக்குச் சரியான புள்ளியில் ஊசி. சிலருக்குப் 'போலி' அக்குபங்சர், அதாவது புள்ளி அல்லாத இடத்தில் மேலோட்டமாக ஒரு குத்து. யாருக்கு எது என்று நோயாளிக்குச் சொல்ல மாட்டார்கள்.

ஜெர்மனியில் நாள்பட்ட முதுகு வலி உள்ள 1,162 பேரிடம் நடந்த ஆய்வு 2007-ல் வெளியானது. ஆறு மாதம் கழித்து, முறையான அக்குபங்சர் பெற்றவர்களில் 47.6 சதவீதத்தினருக்கு முன்னேற்றம் இருந்தது. போலி அக்குபங்சரில் 44.2 சதவீதம். வழக்கமான மருந்து, உடற்பயிற்சிச் சிகிச்சையில் 27.4 சதவீதம். இரண்டு வகை ஊசியும் வழக்கமான சிகிச்சையை முந்தின. ஆனால் 'சரியான' இடத்துக்கும் 'தப்பான' இடத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

2009-ல் அமெரிக்காவில் 638 பேரிடம் நடந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரு குழுவுக்கு அவரவருக்கென்றே தேர்ந்தெடுத்த புள்ளிகள். இன்னொரு குழுவுக்கு எல்லோருக்கும் பொதுவான புள்ளிகள். மூன்றாவது குழுவுக்கு ஊசியே இல்லை, ஊசிக் குழாய்க்குள் பல்குச்சி வைத்துத் தொட்டார்கள். எட்டு வாரம் கழித்து இந்த மூன்று குழுக்களிலும் ஏறக்குறைய 60 சதவீதத்தினருக்கு முன்னேற்றம். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். அந்த நோயாளிக்கென்றே மெனக்கெட்டுத் தேர்ந்தெடுத்த புள்ளிக்கும் பல்குச்சிக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால், புள்ளியைக் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுப்பதால் என்ன கிடைக்கும்?

அதற்காக 'எல்லாமே மனப்பிரமை' என்று கதவைச் சாத்திவிடவும் முடியாது. 39 ஆய்வுகள், 20,827 நோயாளிகளின் தரவைச் சேர்த்து 2018-ல் வந்த பெரிய அலசலில், நாள்பட்ட வலிக்கு முறையான அக்குபங்சர் போலியை விடக் கொஞ்சம் மேலாக இருந்தது. வித்தியாசம் சிறியது, ஆனால் இருந்தது. அக்குபங்சரே செய்யாதவர்களோடு ஒப்பிட்டால் பலன் அதை விடப் பெரிது. அதாவது பலனில் பெரிய பங்கு புள்ளியிலிருந்து வரவில்லை. கவனிப்பு, எதிர்பார்ப்பு, தோலில் ஏதோ ஒரு தூண்டல் எல்லாம் சேர்ந்து கொடுப்பதாக இருக்கலாம்.

ஒரு குறிப்பிட்ட புள்ளிக்கு ஓரளவு சாட்சி இருக்கும் இடமும் உண்டு. அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் வாந்திக்கு, முன்கைப் புள்ளி நெய்குவான். ஊசி, அழுத்தும் பட்டை, மின் தூண்டல் எனப் பல முறைகளில் நடந்த 59 ஆய்வுகளை 2015-ல் காக்ரேன் அமைப்பு தொகுத்தது. மொத்தம் 7,667 பேர். போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டால் வாந்தி சுமார் 40 சதவீதம் குறைவு. சாட்சியத்தின் தரம் குறைவுதான் என்று அந்த அறிக்கையே எச்சரிக்கிறது.

எலிகளிடம் கிடைத்த ஒரு முடிவும் யோசிக்க வைக்கிறது. 2021-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வில், பின்னங்காலில் முழங்கால் புள்ளியில் மெல்லிய மின்சாரம் கொடுத்தபோது உடலின் அழற்சி குறைந்தது. வயிற்றுப் புள்ளியில் அதே அளவு கொடுத்தபோது குறையவில்லை. காரணம் 'சி' இல்லை. காலின் ஆழமான திசுக்களில் இருக்கும் ஒரு வகை நரம்பணுக்கள் வயிற்றுப் பகுதியில் இல்லை. அதாவது சில விளைவுகளுக்கு இடம் முக்கியமாக இருக்கலாம். அதைச் சொல்ல நரம்பைத் தேடிப் போக வேண்டியிருந்தது. வலைப்பின்னலின் வட்டம் அதைச் சொல்லியிருக்க முடியாது.

அப்போ நெட்வொர்க் கணக்கு வீணா?

இல்லை. அதை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தால் போதும். நமக்கு நன்றாக நினைவிருக்கும் காலத்திலிருந்தே ஒரு உதாரணம்.

2020 பிப்ரவரி. கோவிட் பரவத் தொடங்கிய நேரம். மருந்து, புரதம், நோய் ஆகியவற்றை இணைக்கும் பெரிய அறிவு வலைப்பின்னல் ஒன்றை அலசிய பெனவலன்ட்ஏஐ நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பாரிசிடினிப் என்ற மூட்டுவாத மருந்து உதவக்கூடும் என்று 'லான்செட்' இதழில் எழுதினார்கள். அது வெறும் ஊகம். மருத்துவர்கள் அதை ஊகமாகவே எடுத்துக்கொண்டு சோதனைக்கு அனுப்பினார்கள். பிரிட்டனின் ரிகவரி சோதனையில் மருத்துவமனையில் இருந்த 8,156 நோயாளிகள் பங்கேற்றார்கள். மருந்து பெறாதவர்களில் 14 சதவீதம் பேர் இறந்தார்கள், பெற்றவர்களில் 12 சதவீதம். பார்க்கச் சின்ன வித்தியாசம், ஆனால் அது உயிர்களின் கணக்கு. 2022 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் தீவிரக் கோவிட்டுக்கு அதைப் பரிந்துரைத்தது.

அங்கே வலைப்பின்னல் செய்தது ஒன்றுதான்: ஆயிரக்கணக்கான மருந்துகளில் எதை முதலில் சோதிக்கலாம் என்று விரல் நீட்டியது. பதில் சொன்னது சோதனை. அக்குபங்சரிலும் 77 லட்சம் கூட்டணிகளில் எதை முதலில் சோதிக்கலாம் என்று தேர்ந்தெடுக்க இந்தக் கணக்கு உதவும். பிரச்சினை, பல கட்டுரைகள் வட்டம் வரைந்ததோடு முடிந்துவிடுகின்றன. அடுத்த படி நடப்பதற்குள் அது ரீல்ஸுக்கும் ஆப்களுக்கும் வந்துவிடுகிறது, 'அறிவியல் கண்டுபிடித்தது' என்ற லேபிளோடு.

இந்தியாவில் இருக்கும் நமக்கு இதில் என்ன?

அக்குபங்சர் இந்தியாவுக்குப் புதிதில்லை. 1938-ல் சீனாவுக்குப் போன இந்திய மருத்துவக் குழுவில் கோட்னிஸோடு இருந்த பிஜோய் குமார் பாசு, 1950களின் இறுதியில் மீண்டும் சீனா சென்று இதைக் கற்றுவந்து கொல்கத்தாவில் தொடங்கினார். மேற்கு வங்கம் 1996-லேயே இதற்குத் தனிச் சட்டம் இயற்றியது. மகாராஷ்டிராவிலும் தனிச் சட்டம் உண்டு. மத்திய அரசு 2019-ல் இதைத் தனிச் சிகிச்சை முறையாக அங்கீகரித்தது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அரசின் அங்கீகாரம் யார் எப்படிச் செய்யலாம் என்பதை ஒழுங்குபடுத்தத்தான். ஒவ்வொரு நோய்க்கும் பலன் உண்டு என்ற சான்றிதழ் அது இல்லை.

அடுத்த முறை 'ஏஐ கண்டுபிடித்த புள்ளி' என்று யாராவது அனுப்பினால், நான்கு கேள்விகள் கேட்டுப் பாருங்கள்.

1. டேட்டா எது? பழைய நூலா, மருத்துவமனைக் குறிப்பா, ஒப்பீட்டுச் சோதனைகளா?
2. 'முக்கியம்' என்றால் என்ன? அதிகம் பயன்பட்டதா, அதிக இணைப்பு உள்ளதா, பாலமா?
3. நோயாளி குணமானாரா என்ற தகவல் அந்தக் கணக்குக்குள் இருக்கிறதா?
4. அந்தப் புள்ளியை வேறு இடத்தில் குத்திய போலி ஊசியோடு யாராவது ஒப்பிட்டார்களா?

நான்காவதுக்கு 'இல்லை' என்று பதில் வந்தால், உங்கள் கையில் இருப்பது ஒரு நல்ல ஊகம். அவ்வளவுதான்.

நாள்பட்ட முதுகு வலிக்கு, பயிற்சி பெற்றவரிடம், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியோடு அக்குபங்சர் முயன்று பார்ப்பது உங்கள் விருப்பம். நுரையீரலில் ஊசி பட்ட சம்பவங்கள் அரிதென்றாலும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன, அதனால் பயிற்சி முக்கியம். கர்ப்பிணிகளுக்கு ஹெகு, சான்யின்ஜியாவ் புள்ளிகளை அக்குபங்சர் மரபே தவிர்க்கச் சொல்கிறது, ஆகவே வீடியோ பார்த்து அழுத்த வேண்டாம். சர்க்கரை நோய்க்கோ ரத்த அழுத்தத்துக்கோ புற்றுநோய்க்கோ, வலைப்பின்னல் படத்தில் பெரிய வட்டம் இருக்கிறது என்பதற்காக எடுத்துக்கொண்டிருக்கும் மருந்தை நிறுத்த வேண்டாம். எத்தனை பேர் ஒரு புள்ளியில் ஊசி குத்தினார்கள் என்பதுதான் அந்த வட்டத்தின் அளவு. குத்தியவர்களில் எத்தனை பேருக்குச் சரியானது என்பதை அது எண்ணவே இல்லை.